முகமும் முகமூடியும்: ஆலிவர் சாக்ஸின் 'அவேக்கனிங்ஸ்' நூல் பற்றி ஒரு திறனாய்வு

போதகரும் இறையியல் மாணவரும் படித்துப் பயனடையத்தக்க மருத்துவ நூல்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதி 1973 ஆம் ஆண்டில் லண்டனில் வெளியான 'அவேக்கனிங்ஸ்' என்னும் நூல். 'விழித்தெழுதல்கள்' என்று அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். பல்லாண்டுகளாக அசைவற்றுக் கிடந்த நோயாளர் இருபதுபேர் ஒரு வேதிப்பொருளை உட்கொண்டு எழுந்து நடந்து பேசிய வரலாற்றையும், அதன்பின் அவர்களுக்கு நேர்ந்தவற்றையும் இந்நூல் கூறுகிறது. 1974 இல் இங்கிலாந்தின் ஹாத்தார்ன்டன் இலக்கியப் பரிசு இதற்குக் கிடைத்தது. 1990 இல் இது திரைப்படமாகவும் வந்தது.

சமயப் பணியாளர் இந்நூலைப் படிக்கும்போது இரண்டு முடிவுகளுள் ஒன்றிற்கு விரைந்து வந்துவிடக்கூடும். ஒரு மருந்து நடையையும் பேச்சையும் ஆசையையும் மீட்டுத் தந்ததென்றால், மனிதன் வேதிப்பொருள்களின் கூட்டேயன்றி வேறென்ன என்று சிலர் சோர்ந்துபோவர். அதே மருந்து பின்னர்க் கணக்கிற்கு அடங்காமற் போனதைக் கண்டு, வேதியியல் தோற்ற இடத்தில் ஆன்மா வெளிப்பட்டது என்று வேறு சிலர் மகிழ்வர். முதல் முடிவு நூலைப் பாதியளவே படித்ததால் வருவது. இரண்டாவது முடிவிற்கோ ஆசிரியரே ஓரளவு வழிதிறந்து வைத்துள்ளார். இவ்விரண்டும் ஏன் நிலைநிற்கமாட்டா என்பதையும், போதகப் பணிக்கு இந்நூல் உண்மையாகக் கற்பிப்பது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலின் களம்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916, 1917 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் புதியதொரு நோய் தோன்றிற்று. வியன்னா நகர மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் எக்கனாமோ 1917 இல் அதனை விவரித்து 'என்செஃபலைட்டிஸ் லெதார்ஜிக்கா' எனப் பெயரிட்டார். மூளையழற்சியால் விளையும் உறக்கநோய் என்பது அதன் பொருள். நோயுற்றோர் சிலர் வாரக்கணக்கில் உறங்கினர். சிலர் உறக்கமே வராமல் மடிந்தனர். உலகெங்கும் பரவிய இந்நோய் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் மறைந்துபோயிற்று. அதன் காரணம் இன்றுவரை உறுதிப்படவில்லை.

பிழைத்தவர்களுள் பலர் நலம்பெற்று வாழ்க்கையைத் தொடர்ந்தனர். ஆயின் சில ஆண்டுகள் கழித்தோ, பல்லாண்டுகள் கழித்தோ, அவர்களுள் ஏராளமானோரின் உடல் விறைக்கத் தொடங்கிற்று, நடை குன்றிற்று, குரல் அடங்கிற்று, முகம் எந்த உணர்ச்சியையும் காட்டாத முகமூடி போலாயிற்று. 1817 இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்த நடுக்கவாதத்தின் மிகக் கடுமையான வடிவம் இது எனலாம்.

சாக்ஸ் 1933 இல் லண்டனில் யூத மருத்துவர் குடும்பமொன்றில் பிறந்தவர். 1966 இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள பெத் ஏபிரகாம் மருத்துவமனையில் பணியேற்றார். நூலில் அதற்குக் 'கர்மேல் மலை' என்று புனைபெயர் சூட்டியுள்ளார். உறக்கநோய்க்குப் பிற்பட்ட நிலையில் ஏறக்குறைய 80 பேர் அங்கே இருந்தனர். அவர்களுள் சிலர் முப்பது, நாற்பது ஆண்டுகளாக நாற்காலியிலும் படுக்கையிலும் சிலைகளைப் போல் இருந்தவர்கள். அவர்களுக்குள் யாரேனும் 'இருக்கிறார்களா' என்ற ஐயமே பார்ப்போர்க்கு எழுந்தது.

ஆயினும் கூர்ந்து நோக்கியவர்க்கு ஒரு விந்தை புலப்பட்டது. அசையாதிருந்த ஒருவர் தம்மை நோக்கி எறியப்பட்ட பந்தைச் சட்டெனப் பிடித்தார். தாமாக ஓரடியும் வைக்க இயலாதவர் இசை ஒலித்ததும் நடந்தார். இசை நின்றதும் நின்றுவிட்டார். இது பார்க்கின்சன் நோயில் பொதுவாகவே காணப்படும் நிகழ்ச்சி. தசையில் வலு இருக்கிறது. செயலைத் தொடங்கி வைக்கும் உள்தூண்டல் மட்டுமே அடைபட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் தாளமோ தரையில் வரையப்பட்ட கோடோ மூளையில் வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. "மனம் வைத்தால் இவரால் முடியும், பாசாங்கு செய்கிறார்" என்று அருகிலிருப்போர் எண்ணுவதற்கும் இதுவே காரணம். மனம் வைத்தலே எந்த வழியாக நடைபெறுகிறதோ அந்த வழி சிதைந்துபோயிற்று என்பதை அவர்கள் அறியார்.

2. வேதித்தூதின் வரலாறு

இந்நூலின் வாதத்தை எடைபோட வேண்டுமாயின், அதற்கு அடிப்படையான அறிவியலைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொள்ளல் வேண்டும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவிற்குள் செய்தி மின்துடிப்பாகச் செல்கிறது. ஆயின் ஓர் அணு முடிந்து அடுத்த அணு தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. அவ்விடைவெளியை வேதிப்பொருளே கடக்கிறது. இதனை ஐயமற நாட்டியவர்களுள் முதல்வர் ஆட்டோ லோவி. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய அவர், தவளையின் இதயத்தோடு இணைந்த நரம்பைத் தூண்டி இதயத் துடிப்பைத் தணித்தார். அவ்விதயத்தில் ஊறியிருந்த நீர்மத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் செலுத்தியபோது, நரம்பு தொடர்பே இல்லாத அவ்விதயமும் தணிந்து துடித்தது. 1921 இல் அவர் இம்முடிவை வெளியிட்டார். 1936 இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடுத்த பெரும் படிக்கு இந்திய மண்ணின் மூலிகையொன்று துணைசெய்தது. மனநோய்க்கு நம் நாட்டு மருத்துவர் நெடுங்காலம் பயன்படுத்தி வந்த சர்ப்பகந்தியின் வேரிலிருந்து, ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் 1952 இல் ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் அதனை முயல்களுக்குக் கொடுத்தார். மூளையில் வேதித்தூதர்களின் சேமிப்பு வறண்டது. முயல்கள் அசைவிழந்து சோர்ந்து கிடந்தன. பின்னர் டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் அவை மீண்டும் எழுந்து நடமாடின. 1957 இல் வெளியான இவ்வாய்வு, டோபமைன் என்னும் வேதித்தூது இயக்கத்திற்கு இன்றியமையாதது என்பதற்கு வழிகாட்டிற்று. 2000 ஆம் ஆண்டில் கார்ல்சனும் நோபல் பரிசு பெற்றார்.

1960 இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்பாரும் அவருடைய உடனாய்வாளரும், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளைகளில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். நடுமூளையிலுள்ள 'கருநிறப் பொருள்' என்னும் சிறு பகுதியின் அணுக்கள் டோபமைனை ஆக்கி மூளையின் இயக்கமையங்களுக்கு அனுப்புகின்றன. மூளை முழுவதையும் நோக்க அவ்வணுக்களின் தொகை மிகச் சிறிது, சில இலட்சங்களே. அவை பெரிதும் அழிந்தபின்னரே நோயின் அடையாளங்கள் வெளிப்படுகின்றன. டோபமைனை அப்படியே கொடுத்தால் அது குருதியிலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்பொருளாகிய எல்-டோபா நுழையும். 1967 இல் ஜார்ஜ் கொட்ஸியாஸ், டோபாவைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பேரளவில் வாய்வழியாகக் கொடுத்து வியத்தகு பயன் கண்டார். இச்செய்தியே சாக்ஸை எட்டிற்று.

ஈண்டு மனத்திற்கொள்ள வேண்டிய கருத்தொன்று உண்டு. டோபமைன் ஓர் 'இயக்கப் பொருள்' என்றோ 'இன்பப் பொருள்' என்றோ சுருக்கிக் கூறுவது பிழை. இயக்கமையங்களில் அது அசைவைத் தொடங்கி வைக்கிறது. மூளையின் முன்பகுதிக்கும் உணர்ச்சிமையங்களுக்கும் செல்லும் பாதைகளில் நாட்டத்தையும் எதிர்பார்ப்பையும் தூண்டுகிறது. பிட்யூட்டரிச் சுரப்பியை எட்டும்போது, பால்சுரப்பைத் தூண்டும் ஹார்மோனை அடக்குகிறது. மூளைத்தண்டின் மற்றோரிடத்தில் வாந்தியை உண்டாக்குகிறது. வேதிப்பொருள் ஒன்றே; பெறுகின்ற இடத்திற்கேற்ப அதன் பொருள் மாறுகிறது. ஆகவே அசைவின்மையைப் போக்கக் கொடுத்த மருந்து பசியையும் காமத்தையும் சினத்தையும் கனவுகளையும் தொட்டது வியப்பன்று.

3. விழிப்பு, உபத்திரவம், இணக்கம்

1969 மார்ச்சில் சாக்ஸ் எல்-டோபா சிகிச்சையைத் தொடங்கினார். நோயாளர் வரலாறுகளுக்குப் பின் வரும் ஆய்வுப் பகுதியில், நிகழ்ந்தவற்றை விழிப்பு, உபத்திரவம், இணக்கம் என மூன்று நிலைகளாக வகுக்கிறார். இவ்வகுப்பே நூலின் முதுகெலும்பு.

லியோனார்ட் எல். என்பவர் பள்ளிப் பருவத்திலேயே கை விறைக்கத் தொடங்கி, ஹார்வர்டில் உயர்கல்வி பயின்று, 30 வயதில் மருத்துவமனையில் அடைபட்டவர். எழுத்துப் பலகையில் எழுத்துகளைச் சுட்டியே பிறரோடு பேசினார். மருந்து தந்த சில வாரங்களில் அவர் எழுந்து நடந்தார்; உலகைக் கண்டு களிகூர்ந்தார். மருந்தை உயிர்த்தெழுதலோடு இணைத்து மீட்பின் மொழியில் பேசினார் என்று நூல் கூறுகிறது. கோடைக்குள் அக்களிப்பு வெறியாயிற்று. கட்டுக்கடங்கா ஆசையும், தாமே ஓர் இரட்சகர் என்ற மயக்கமும், ஓயாத உடல்வெட்டுகளும் அவரைப் பற்றின. இறுதியில் மருந்து நிறுத்தப்பட்டது. அவர் பழைய நிலைக்கே திரும்பினார். 1981 இல் இறந்தார்.

ரோஸ் ஆர். 1926 இல், தம் 21 ஆம் வயதில் நோயுற்றவர். 1969 இல் விழித்தெழுந்தபோது 1926 ஆம் ஆண்டின் பாடல்களையும் செய்திகளையும் நேற்றையவை போல் பேசினார். தம் வயது 64 என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் அவ்வயதில் வாழ அவருக்கு இயலவில்லை. சில வாரங்களில் மருந்து பயனற்றுப் போயிற்று. மாக்டா பி. என்னும் மூதாட்டியோ மருந்தினால் பெற்ற நலத்தைப் பெரிதும் இழக்காமல், மக்களோடும் பேரமக்களோடும் உறவைப் புதுப்பித்துக்கொண்டு, 1971 இல் அமைதியாக மரித்தார்.

திரைப்படத்தை மட்டும் கண்டோர், எல்லாரும் ஒரு கோடையில் விழித்து மீண்டும் ஒருங்கே உறங்கிப்போனார்கள் என்றே எண்ணுவர். நூல் அவ்வாறு கூறவில்லை. சிலர் வீழ்ந்தனர், சிலர் தள்ளாடி ஒரு நடுநிலையை எய்தினர், பலர் ஆண்டுக்கணக்கில் அம்மருந்தினால் ஓரளவேனும் நன்மை பெற்றனர். அருளுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் போதகர் நூலை விட்டுத் திரைப்படத்தை நாடினால், ஒரே மருந்து இருபதுபேரிடத்தில் இருபது வரலாறுகளாயிற்று என்னும் முக்கியமான உண்மையை இழந்துவிடுவார்.

4. ஆசிரியரின் வாதமும் அதன் குறையும்

இவ்வேறுபாட்டிலிருந்தே சாக்ஸ் தம் வாதத்தை எழுப்புகிறார். ஒரு நாள் தக்கதாயிருந்த அளவு மறுநாள் மிகையாயிற்று. ஒருவருக்கே ஒரு வேளை பயனற்றதும் மறுவேளை நஞ்சும் ஆயிற்று. எனவே குறைந்துள்ள பொருளை அளந்து நிரப்பினால் நோய் தீரும் என்னும் கணக்கு பொய்த்தது. நோயாளரின் முழு வாழ்வையும், அவர் வாழும் சூழலையும், அவருக்குள்ள உறவுகளையும் கருதாமல் நோயைப் புரிந்துகொள்ள இயலாது என்கிறார். மருத்துவமனையின் நடைமுறைகள் கடுமையாகியபோது நோயாளரின் நிலை தாழ்ந்ததையும், அன்புடையார் அருகிருந்தபோது உயர்ந்ததையும் சான்றாகக் காட்டுகிறார். இதற்காக மெய்ப்பொருளியலின் சொற்களையும் தாராளமாகக் கையாளுகிறார்.

இவ்வாதத்தின் முதற்பகுதி வலிமையுடையது. பகுதியை முழுமையெனக் கருதும் மருத்துவத்தை அது நேர்மையாகக் கண்டிக்கிறது. இரண்டாம் பகுதியிலோ நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். கணக்கு பொய்த்த இடத்தில் வேதியியலுக்கு அப்பாற்பட்ட ஒன்று வெளிப்பட்டது என்ற எண்ணத்தை ஆசிரியரின் நடை வாசகரிடத்தில் ஊட்டுகிறது. 1973 இல் அவ்வெண்ணம் மன்னிக்கத்தக்கது. இன்று அதற்கு இடமில்லை.

நலமுள்ள டோபமைன் அணுக்கள் மருந்தைப் பெற்று, சேமித்து, தேவைக்கேற்பச் சீராக வெளியிடுகின்றன. அவை அழிந்தபின் சேமிப்பதற்கு இடமில்லை. குருதியில் மருந்து ஏறும்போது மூளையிலும் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. எல்-டோபாவோ குருதியில் ஒன்றரை மணி நேரத்திற்குள்ளாகவே பாதியாய்க் குறைந்துவிடும். மேலும் தூது வராமல் நெடுங்காலம் காத்திருந்த பெறும் அணுக்கள், வறண்ட நிலம்போல், சிறு துளிக்கும் அளவுக்கு மீறித் துலங்குகின்றன. சாக்ஸின் நோயாளர்களோ அவ்வாறு முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருந்த மூளையுடையவர்கள். மூளைக்கு வெளியே மருந்து வீணாவதைத் தடுக்கும் கார்பிடோபா சேர்ந்த கூட்டுமருந்து 1975 இல்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. அதனால் 1969 இல் நாளொன்றுக்குப் பல கிராம் கொடுக்க வேண்டியிருந்தது. 'உபத்திரவம்' என்று சாக்ஸ் பெயரிட்டதன் பெரும்பகுதிக்கு இவையே விளக்கம்.

இதனால் இறையியலுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை யாது? அறிவியல் விளக்காத இடைவெளிகளில் கடவுளையும் ஆன்மாவையும் குடியமர்த்துவது, நெரிந்த நாணலின்மேல் சாய்வதை ஒக்கும். ஆய்வு முன்னேறுந்தோறும் இடைவெளி சுருங்கும். அதனோடு நாம் அங்கே குடிவைத்த ஆன்மாவும் சுருங்கும். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரமும் அத்தகைய ஆன்மாவை அறியாது. அங்கே 'ஜீவாத்துமா' எனப் பெயர்க்கப்பட்ட எபிரெயத் தொடரிலுள்ள 'நெஃபெஷ்' என்னும் சொல், மண்ணால் உருவாகி மூச்சுப் பெற்ற முழு உயிரையும் குறிக்கிறது. மண்ணின் கூறுகள் தெளிவாக விளங்குவதால் அவ்வுயிரின் மதிப்புக் குறைவதற்கில்லை.

அவ்வாறாயின் முதல் முடிவு வென்றதோ எனில், அன்று. அன்பினால் நோயாளர் நலமடைந்தனர் என்பதும் டோபமைனால் நலமடைந்தனர் என்பதும் ஒன்றையொன்று விலக்கும் கூற்றுகள் அல்ல. நண்பரின் குரல் செவியினுள் புகுந்து, நரம்பணுக்களின் வழியாகவே, வேதித்தூதுகளின் வழியாகவே நோயாளரை எட்டுகிறது. அச்சம் பார்க்கின்சன் நடுக்கத்தை மிகுவிக்கும் என்பது அனைவரும் கண்ட உண்மை. அச்சமும் உடலில் நிகழ்வதே. ஒரு கடிதத்தின் மையையும் தாளையும் முழுவதும் பகுத்தாய்ந்தாலும், அது யாருக்கு யார் எழுதியது என்பதற்கு அப்பகுப்பாய்வு விடையாகாது. அவ்விடையைத் தேடுவதற்காக மையும் தாளும் பொய் என்று மறுக்க வேண்டியதுமில்லை. சாக்ஸ் இவ்விரு வகை விளக்கங்களையும் சில இடங்களில் போட்டியாளர்களாக நிறுத்தியதே நூலின் அடிப்படைக் குறை.

5. சாட்சியின் நம்பகம்

இந்நூலைப் பற்றி இன்று எழுதுவோர் மற்றொன்றையும் கூறக் கடமைப்பட்டவர். முதலில் சாக்ஸ், நோயாளருள் பாதிப்பேருக்கு மருந்தும் பாதிப்பேருக்குப் போலிமருந்தும் கொடுத்து 90 நாள் ஒப்புநோக்கத் திட்டமிட்டிருந்தார். மருந்தின் ஆற்றலைக் கண்டபின் அதனை எவருக்கும் மறுக்க மனமின்றித் திட்டத்தைக் கைவிட்டார். அறநோக்கில் அதனைக் குறைகூற முடியாது. ஆயின் மருந்தினால் எவ்வளவு, மருத்துவரின் பரிவினால் எவ்வளவு என்னும் வினாவிற்கு அதன்பின் அவரிடம் விடையில்லை. அவ்வினாவின் மீதே அவர் தம் வாதத்தைக் கட்டியிருக்கிறார்.

இரண்டாவதாக, 2025 டிசம்பரில் 'நியூயார்க்கர்' ஏட்டில் ரேச்சல் அவிவ் எழுதிய கட்டுரை, சாக்ஸின் தனிப்பட்ட குறிப்பேடுகளை ஆராய்ந்து, தம் நோயாளர் வரலாறுகளில் தம் சொந்தக் கற்பனையையும் அகவாழ்வையும் அவர் கலந்ததுண்டு என்று காட்டிற்று. 2015 இல் மறைந்த ஆசிரியர் இதற்கு மறுமொழி கூற இயலாது. ஆகவே நோயாளர் கூறியனவாக நூலில் வரும் அழகிய உரைகளை அருளுரையில் மேற்கோளாக்குவோர் தயங்குதல் நன்று. நோயின் தன்மை, மருந்தின் விளைவு, விழிப்பும் வீழ்ச்சியும் ஆகியவற்றில் நாம் ஆசிரியரின் சொல்லை மட்டும் நம்பவேண்டியதில்லை. 1974 இல் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் அந்நோயாளரையே காணலாம்.

இக்குறை போதகர்க்கு அந்நியமானதன்று. பேச இயலாதவர் சார்பில் பேசும் எவருக்கும், தம் சொற்களை அவர் வாயில் வைத்துவிடும் சோதனை உண்டு. நோயாளரின் படுக்கையருகே, "இவர் இப்போது இப்படித்தான் எண்ணுகிறார், இதைத்தான் விரும்புகிறார்" என்று குடும்பத்தாரிடம் உறுதியாகக் கூறிய போதகர் எத்தனைபேர்! வாய்பேசாதவரை மதித்தல் ஒன்று. அவரை நம் எதிரொலியாக்குதல் வேறொன்று. சாக்ஸ் முதலாவதைச் சிறப்பாகச் செய்தார். இரண்டாவதிலிருந்து முற்றும் தப்பவில்லை.

6. போதகப் பணிக்கு

இவற்றையெல்லாம் கழித்தபின்னும் நூலில் எஞ்சி நிற்பது பெரிது. அந்த 80 பேரும் மருந்து கிடைத்த நாளில் ஆட்களாக ஆக்கப்பட்டவர் அல்லர். அதற்கு முன்னும் அவர்கள் கேட்டனர், அறிந்தனர், துன்புற்றனர். மருந்து ஆளைப் படைக்கவில்லை. அடைபட்டிருந்த கதவைத் திறந்தது. கதவு மீண்டும் அடைபட்டபோதும் உள்ளிருந்தவர் மறைந்துவிடவில்லை. மனிதரின் மதிப்பு அவருடைய நடத்தையையும் மறுமொழியையும் பொறுத்ததாயின், டோபமைன் ஏறும்போது மதிப்பு ஏறி, இறங்கும்போது இறங்கவேண்டும். அத்தகைய மதிப்பீட்டைத் திருச்சபை ஏற்க இயலாது. இதிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பெறப்படும்.

முதலாவது, முகத்தைக் கண்டு விசுவாசத்தை அளத்தல் ஆகாது. பார்க்கின்சன் நோயுற்ற சபையார் ஒருவர் ஆராதனையில் அசைவற்ற முகத்தோடு அமர்ந்திருப்பார், வாழ்த்தினால் முறுவலிக்கமாட்டார், மெல்லிய குரலில் ஓரிரு சொற்களே பேசுவார். அவரை மகிழ்ச்சியற்றவர், கடின மனத்தவர், ஆவியில் குளிர்ந்தவர் என்று கருதுதல் பேரநீதி. மனச்சோர்வு அந்நோயின் பகுதியாகவும் வருவதுண்டு. அதைக் கண்டு, ஜெபக்குறைவு என்று கடிந்துரைப்பது புண்ணில் கோலிடுவதாகும். அவர் மறுமொழி கூற நேரம் தருவதும், விழுங்குதல் கடினமாயின் திருவிருந்தில் அதற்கேற்ப ஆவன செய்வதும், தாளத்தோடு கூடிய பாடலால் அவர் நடை எளிதாகும் என்பதை அறிந்திருப்பதும் போதகருக்கு அழகு.

இரண்டாவது, மருந்தை நிறுத்தும்படி எவர்க்கும் சொல்லலாகாது. குணமளிக்கும் கூட்டங்களில் உணர்ச்சி மிகுந்து, மருந்தை விட்டெறிவதே விசுவாசத்தின் அடையாளம் என்று போதிப்போர் உளர். எல்-டோபாவைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல்விறைப்பும் நினைவுமயக்கமும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். அந்நேரத்தில் உடனிருந்து பொறுப்பேற்பவர் கூட்டத்தை நடத்தியவர் அல்லர். நோயாளருக்காக ஜெபிப்பதும் வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

மூன்றாவது, பாவ அறிக்கையைக் கேட்கும் போதகர் மருந்தைப் பற்றியும் கேட்டறிதல் வேண்டும். டோபமைனைப் போலச் செயற்படும் மருந்துகள், நெறிதவறாத முதியவர் சிலரைச் சூதாட்டத்திற்கும் கட்டிலடங்காச் செலவிற்கும் காமநாட்டத்திற்கும் இட்டுச்சென்றுள்ளன என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. வெட்கத்தால் அவர்கள் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவர், போதகரிடம் மனந்திறப்பர். அப்போது "மனந்திரும்பு" என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டால், மருந்தின் அளவை மாற்றித் தீர்க்கக்கூடிய துன்பத்தைப் பாவச்சுமையாக்கி அவர்மேல் ஏற்றியவராவோம். இதனால் மனிதர்க்குப் பொறுப்பே இல்லை என்றாகாது. மருத்துவரிடம் உண்மையைக் கூறுவதும், பணப்பையைத் துணைவரிடம் ஒப்படைப்பதும், தம்மால் புண்பட்டவரிடம் ஒப்புரவாவதும் அவருடைய பொறுப்பாகவே நிற்கும். எவ்வளவு அவரால் இயலும் என்பதை அவரோடு அமர்ந்து நிதானித்து அறிவதே ஆன்மப் பராமரிப்பு.

நான்காவது, மறுமொழி இல்லாதவரையும் சந்திக்க வேண்டும். நம் நோயாளர் சந்திப்புகள் பெரும்பாலும் நம்மை அறிந்து, நன்றி கூறி, ஆமென் சொல்லக்கூடியவர்களையே நாடிச் செல்கின்றன. பெத் ஏபிரகாமில் நாற்பதாண்டு மௌனமாயிருந்தவர்களின் வரலாறு, மௌனத்திற்குள் ஒருவருமில்லை என்று முடிவுசெய்ய நமக்கு உரிமையில்லை என்று கற்பிக்கிறது. அவர்கள் முன்னிலையில் அவர்களைப் பற்றிப் பிறரிடம் பேசுவதை விட்டு, அவர்கள் பெயரைச் சொல்லி அவர்களிடமே பேசவேண்டும்.

முடிவுரை

'அவேக்கனிங்ஸ்' குறையற்ற நூலன்று. அதன் மெய்ப்பொருளியல் தளர்ந்தது. அதன் சாட்சி சில இடங்களில் ஐயத்திற்குரியது. அதன் மருத்துவம் காலத்தால் பிற்பட்டது. ஆயினும் மூளையணுக்களும் வேதித்தூதுகளும் நம் நடையையும் நாட்டத்தையும் எவ்வளவு ஆழமாக ஆளுகின்றன என்பதையும், அவ்வுண்மைக்கு அஞ்சாமலேயே ஒரு மனிதரை மனிதராக நோக்கமுடியும் என்பதையும் ஒருங்கே காட்டும் நூல்கள் மிகச் சில. இறையியல் மாணவர் இதனை ஆன்மாவிற்குச் சான்று தேடிப் படிக்கவேண்டா. மருத்துவமனைப் படுக்கையருகே எவ்வாறு அமர்வது என்பதைக் கற்றுக்கொள்ளப் படிப்பாராக. அசைவற்ற முகத்திற்கு முன் அவசரமின்றி அமர்ந்து மறுமொழிக்காகக் காத்திருக்கக் கற்றவர், போதகப் பணியின் பெரும்பகுதியைக் கற்றவராவார்.